தாத்தாவின் ஹெரால்டும் பட்டிக்குள் இருந்த பேப்பரும்

பி.காம். படிக்கிறவனுக்கு வெல்டிங் பட்டறையில் என்ன வேலை என்று கேட்காத ஆள் எங்கள் வகுப்பில் இல்லை. கடந்த ஆறு மாதமாகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடுவாஞ்சேரியில் ஒரு டிங்கர் பட்டறையில்தான் கிடக்கிறேன். கையில் இரண்டு இடத்தில் தீப்பொறி பட்ட தழும்பு. ஒரு நல்ல ஜீன்ஸ் காலி. எல்லாம் ஒரு காருக்காக. கதையை ஒரு தடவை முழுசாக எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம் பாருங்கள், அதற்காகத்தான் இது. :-)

கார் என் தாத்தாவுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. நான்கு கதவு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

"அம்பாசடர் தெரியும், பியட் தெரியும், இது என்ன கார்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு காலத்தில் இந்தியாவில் கார் வாங்க வேண்டும் என்றால் கிட்டத்தட்ட மூன்றே சாய்ஸ்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த பியட், மூன்றாவது நம்ம ஊர் ஸ்டாண்டர்டு. "நம்ம ஊர்" என்று சும்மா சொல்லவில்லை. ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் வண்டலூர் பக்கம். மறைமலை நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தாம்பரம் பக்கமாக எலக்ட்ரிக் டிரெயினில் போகிற வழியில்தான். நான் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடி வீடுகளும்தான் இருக்கின்றன. கார் செய்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஹெரால்டு இங்கே 1961ல் வந்தது. இங்கிலாந்தில் 1959ல் அறிமுகமான ட்ரையம்ப் ஹெரால்டுதான் அது. வடிவமைத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அங்கே இரண்டு கதவு. நம் ஆட்கள் குடும்பத்தோடு போகிறவர்கள், பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கிக்கொண்டு நிற்க மாட்டார்கள் என்று 1960களின் கடைசியில் நான்கு கதவு வைத்து ஒரு ஹெரால்டு செய்தார்கள். அது இந்தியாவில் மட்டுமே வந்தது. இந்த விஷயம் பின்னால் என் பர்சைப் பதம் பார்க்கப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் ஹெரால்டு போய் கெஸல் வந்தது, 1977 வரை ஓடியது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்தது. 1980கள் முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

தாத்தா அந்தத் தொழிற்சாலையில் பாடி ஷாப்பில் வேலை பார்த்தவர். பிறகு வேறு வேலைக்குப் போனார். ஆனால் தன் கை பட்ட மாடலில் ஒன்றை வாங்கியே தீருவேன் என்று பல வருஷம் கழித்து செகண்ட் ஹேண்டில் இந்தக் காரை வாங்கி முடிச்சூர் வீட்டில் நிறுத்தினார். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பக்கம் முழுவதையும் தூக்கி வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முகமும் முன்னால் சாயும். முதலை வாய் திறந்தது போல இருக்கும்.

2015 டிசம்பர் முதல் வாரம் முடிச்சூர் என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. எங்களை மாடியிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள். கார் மூன்று நாள் கண்ணாடி மட்டம் வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தால் உள்ளே சேறு. தாத்தா ஒன்றும் பேசவில்லை. வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் அப்பா தன் சேமிப்பிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் போட்டு ஒரு பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங் செய்ய விட்டார். எந்தப் பட்டறை என்று சொல்லப் போவதில்லை. கார் பளபளவென்று திரும்பி வந்தது. தாத்தா சுற்றி வந்து பார்த்தார். பின் கதவின் மேல்பக்கம் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார். கீழ்ப்பக்கம் ஒரு தட்டு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்து "நல்லா பண்ணியிருக்கான்பா" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இது ஏன் நினைவில் நின்றது என்று அப்போது தெரியாது.

மூன்று வருஷத்தில் பெயிண்டில் கொப்புளம் வந்தது. பிறகு விரிசல். 2023ல் தாத்தா போய்விட்டார். முடிச்சூர் வீட்டைக் காலி செய்தபோது காரை வண்டியில் ஏற்றி மறைமலை நகருக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினோம். போன வருஷம் காயலான் கடைக்காரர் ஒருத்தர் வந்து எடைக்கு விலை சொன்னார். அப்பா சரி என்று சொல்லும் நிலையில் இருந்தார். நான்தான் "ஒரே ஒரு ஆளைக் கூட்டி வந்து காட்டறேன்பா" என்று டைம் வாங்கினேன்.

அப்படி வந்தவர்தான் பாய். அறுபது வயதுக்கு மேல். வந்ததும் சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து, கர்ச்சீப்பில் சுற்றி, காரின் மேல் ஓட்டிக்கொண்டே போனார். மேல்பக்கம் ஒட்டியது. கதவின் கீழ்ப்பக்கம் வந்ததும் பொத்தென்று கீழே விழுந்தது. திரும்ப வைத்தார். திரும்ப விழுந்தது. "தம்பி, இங்க தகடே இல்ல" என்றார்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக நெம்பினார். கட்டை விரல் தடிமனுக்குப் பட்டி பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் துருப்பிடித்த ஓட்டை. ஓட்டையை அடைக்கச் சுருட்டித் திணித்திருந்தது ஒரு செய்தித்தாள். 2016 மார்ச் தேதி நன்றாகவே படிக்க முடிந்தது.

பட்டி என்பது கெட்ட பொருள் இல்லை. தகட்டில் இருக்கும் சின்ன மேடு பள்ளத்தை நிரவுவதற்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போடலாம். எல்லாக் காரிலும் போடுவார்கள். ஆனால் அது தகட்டுக்குப் பதில் ஆகாது. ஓட்டை மேல் போட்டால் பின்பக்கத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தை வெளியே விடாமல் இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். அதனால் உள்ளிருந்து தள்ளும், பெயிண்ட் கொப்பளிக்கும். அதாவது அந்த நாற்பதாயிரம் ரூபாய் வேலை காரைக் காப்பாற்றவில்லை, இன்னும் வேகமாக அரிக்க வைத்தது.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பாய் தாத்தாவைப் பற்றிக் கேட்டார். ஸ்டாண்டர்டு பாடி ஷாப் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்துவிட்டு, "அப்ப அவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் தம்பி. தகடுன்னா டங்குன்னு பேசும். பட்டின்னா தப்புன்னு அமுங்கும். காது கேட்டா போதும், காந்தம் எதுக்கு?" என்றார்.

கீழ்ப்பக்கம் ஒரு தட்டு. கொஞ்ச நேரம் நின்றது. "நல்லா பண்ணியிருக்கான்பா." எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்பாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது அப்புறம். முதலில் வேலையைச் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் ஓட்டும் கார்களில் பெரும்பாலும் சேஸிஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்த்து ஸ்பாட் வெல்டு செய்த ஒரே கூடு. எங்கள் ஊரில் 1999லிருந்து 2022 வரை போர்டு தொழிற்சாலையில் செய்த ஐகான், பிகோ, ஈகோஸ்போர்ட் எல்லாம் அந்த ரகம். ஹெரால்டு வேறு. கீழே தனி சேஸிஸ், மேலே பல துண்டுகளாக போல்ட் போட்டு மாட்டிய பாடி. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தேடியபோது ஒரு சுவாரசியமான பிசினஸ் காரணம் கிடைத்தது. ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த பிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. அதனால் துண்டு துண்டாகப் பல இடத்தில் செய்து வாங்கி போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி டிசைன் செய்தார்கள். சப்ளையர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

அந்தக் காரணத்தால்தான் அறுபது வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு வசதி. முகத்தை போல்ட் கழற்றித் தனியாகத் தூக்கி வைத்துவிடலாம். ஆனால் துரு பிடித்த இடங்கள் எல்லாம் போல்டில் கழன்று வராது. காலடித் தரை (பட்டறையில் பிளாட்பாரம் என்பார்கள்), டிக்கியின் தரை, நான்கு கதவின் அடிப்பக்கம், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். வெள்ளச் சேறு போய்த் தங்கிய இடம் எதுவோ அதெல்லாம் போயிருந்தது.

இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இன்றும் புதுத் தகடுகள் செய்து விற்கிறார்கள். ஆனால் பின் கதவுக்கு? அந்தக் காரில் பின் கதவே கிடையாதே! நான்கு கதவு ஹெரால்டு நம்ம ஊரில் மட்டும் வந்த ஜாதி. புதுப்பேட்டையில் இரண்டு நாள் சுற்றினேன். எல்லோரும் "ஹெரால்டா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்களே தவிர கதவு யாரிடமும் இல்லை. கையால் அடித்துத்தான் செய்ய வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார். மொத்த டிங்கர் வேலைக்கு எண்பத்தைந்தாயிரம். கூட நின்று எடுபிடி வேலை செய்தால் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் சனி ஞாயிறு பட்டறைக்குப் போக ஆரம்பித்த கதை இதுதான்.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்பது நான் கற்ற முதல் பாடம். பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட், கார்பெட் எல்லாம் வெளியே. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும். பிறகு கதவுச் சட்டத்தின் குறுக்கே இரும்புப் பைப் வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்தார். தரையை வெட்டினால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் மூடாது. இந்தப் பைப்தான் அளவைப் பிடித்து வைக்கும்.

அடுத்து வெட்டு. துருவுக்குப் பக்கத்தில் வெட்டினால் பிரயோஜனம் இல்லை. வெள்ளையாகத் தகடு தெரிகிற வரை உள்ளே போக வேண்டும். ஓட்டை உள்ளங்கை அளவு இருந்தது, வெட்டி முடித்தபோது சாப்பாட்டுத் தட்டு அளவு. எனக்கு வயிறு கலக்கியது. பாய் "பல்லு டாக்டர் சொத்தையைப் பாதியிலயா விடுவாரு?" என்றார். அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி எடுத்து, அதை 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில் வைத்துக் கோடு போட்டு, மடித்து, வெட்டிய இடத்தில் பொருத்திப் பார்த்து, தேய்த்து, திரும்பப் பொருத்தி, ஒரு துண்டுக்கு அரை நாள் ஆகும். ஷீட் வெறும் 0.9 மில்லிமீட்டர்தான்.

தரைக்கு சி.ஓ.டூ. வெல்டிங். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் மேல் தகட்டில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை வெல்டால் நிரப்பிக் கீழ்த் தகட்டோடு பிடிக்க வைப்பார். பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும். இரண்டாம் நாள் நான் பயந்த விஷயம் நடந்தது. தரைக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய தார் ஷீட்டில் பொறி பட்டுப் புகைய ஆரம்பித்தது. ஈரச் சாக்கோடு என்னை அங்கே நிறுத்தியிருந்தது அதற்குத்தான். நான் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் கத்திய கத்தில் போன் கீழே விழுந்தது, சாக்கு மேலே விழுந்தது. அன்றிலிருந்து பட்டறைக்குள் போன் பைக்குள்தான்.

கதவுதான் கஷ்டம். தரையில் கொஞ்சம் நெளிந்தால் கார்பெட் மறைத்துவிடும். கதவு நேராக வெயிலில் தெரியும். மெல்லிய தகட்டில் ஒரே ஓட்டமாக வெல்டு அடித்தால் அந்தக் கோட்டில் உள்ள இரும்பு சூட்டில் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் அதே இடத்தில் தடித்துவிடும். ஆறும்போது சுருங்கும். கடைசியில் வெல்டு கோடு முன்பைவிட நீளம் குறைந்து, சுருக்கித் தைத்த துணி மாதிரி கதவு முழுவதும் நெளிந்துவிடும். இதற்கு பாய் கேஸ் வெல்டிங்கைத்தான் எடுத்தார். சின்ன நீல நாக்கு. அங்கே ஒரு புள்ளி, அரை அடி தள்ளி ஒரு புள்ளி, பிறகு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றும் ஆறிய பிறகு பின்பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து முன்னால் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். சுருங்கிய இரும்பு தட்டத் தட்ட மறுபடி நீளும். சி.ஓ.டூ. வெல்டு கெட்டியாக இருக்கும், இந்த அளவுக்குத் தட்டினால் கேட்காது. கேஸ் வெல்டு மெதுவானது, ஆனால் சுத்தியல் சொன்னபடி கேட்கும். பின் இடது கதவின் கீழ் ஆறு அங்குலத்துக்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது.

இந்த இரண்டு வாரத்துக்கு நடுவில்தான் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரையும் காட்டினேன். அவர் அதை விரித்துத் தேதியைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "அப்பா அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். அப்புறம் அவரே, "சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன், இன்னொரு நாப்பதுக்கு எங்க போயிருப்பேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காயலான் கடைக்காரர் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு பட்டறைக்கு வந்தார். பாய் அவர் கையில் இரும்புக் கட்டையைக் கொடுத்து கதவுக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னார். மாலை வரை பிடித்துக்கொண்டு இருந்தார்.

இனி காமர்ஸ் பார்ட். நண்பன் ஒருத்தன் கேட்டான்: "இவ்வளவு தகடு மாத்தினா அது இன்னும் தாத்தா காரா?" நல்ல கேள்வி. சட்டமும் இதையே வேறு விதமாகக் கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளை வெளியிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, ஒரிஜினல் வடிவத்தில் இருக்கிற வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை தினசரி ஓட்டமும் முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு இப்படித்தான் வெளியே எடுக்கலாம். நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அதற்காகத்தான் ஒவ்வொரு துண்டையும் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பழைய வடிவத்திலேயே தகடு போட்டது பழுது பார்ப்பது, வடிவத்தை மாற்றுவதுதான் மாற்றம் என்று நான் வாதாடுவேன். பள்ளியில் படித்த அதே வித்தியாசம்தான். இருக்கிறதை இருக்கிறபடி வைத்துக்கொள்ள ஆகிற செலவு வருவாயினச் செலவு. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மூலதனச் செலவு.

தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை என்று ஒன்று படித்தோம் அல்லவா? வருஷா வருஷம் மிச்சம் இருக்கிற மதிப்பில் ஒரு சதவீதம் கழித்துக்கொண்டே போவோம். அந்தக் கணக்கில் மதிப்பு எத்தனை வருஷம் ஆனாலும் பூஜ்ஜியம் ஆகாது. பரீட்சைக்காகப் படித்தபோது இது ஒரு கணக்குக் கோளாறு என்று நினைத்தேன்.

இப்போதைய நிலவரம்: தரை முடிந்தது. கதவு நான்கில் இரண்டு முடிந்தது. கதவின் அடியில் தண்ணீர் வடிய இருந்த ஓட்டைகளை மறக்காமல் விட்டிருக்கிறோம், முந்தைய வேலையில் அதையும் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். வெல்டு கோட்டின் மேல் ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று. பெயிண்டுக்குப் பணம் இல்லை, அதனால் கார் இப்போது பாதி வெள்ளை, பாதி செங்கல் நிறம். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயிண்டைப் பார்க்காதீர்கள், ஒரு காந்தமும் கர்ச்சீப்பும் எடுத்துக்கொண்டு போங்கள்.

போன ஞாயிறு பின் இடது கதவை மாட்டினோம். மூடிப் பார்த்தோம், இடைவெளி சரியாக இருந்தது. அப்பா பக்கத்தில் வந்து விரலை மடக்கி மேல்பக்கம் இரண்டு தட்டினார். கீழ்ப்பக்கம் ஒரு தட்டு.

டங்கென்றது.